கம்பி முடியும் இடம்

புசல்லாவையில் உறவினர்களை விட்டுவிட்டு லண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் வாழ்கின்ற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. வெயில் நாளில் அம்மாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்கின்றதாம். மழை பிடித்துவிட்டால் முதலில் கரகரப்பு, பின்னர் விட்டு விட்டுக் கேட்டல், அதன் பின்னர் ஒன்றுமே இல்லை. "மலைநாடு அப்படித்தானே" என்று அதற்குச் சமாதானமும் அவர்களே சொல்லிக்கொள்கின்றனர். இந்தச் சமாதானத்தை நான் ஏற்பதில்லை.

அந்த அழைப்பு வருகின்ற வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிரான்சிலிருந்து சிங்கப்பூர் வரை ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலடியில் கிடக்கும் சீ-மீ-வீ 5 என்னும் கேபிள் 2016ஆம் ஆண்டின் இறுதியில் பூர்த்தியானது. இலங்கையில் அது மாத்தறையில் கரையேறுகின்றது. செங்கடலையும் அரபிக் கடலையும் தாண்டி வரும் குரல் அந்தத் தூரத்தில் தடுமாறுவதில்லை. கொழும்பிலும் தடுமாறுவதில்லை, கண்டியிலும் இல்லை. பேராதனையில் பிரிந்து கம்பளை வழியாக மலையேறும் ஏ-5 பாதையின் ஓரமாகப் புசல்லாவைக் கடைத்தெரு வரையில் ஒழுங்காகத்தான் வந்து சேருகின்றது. கடைசிச் சில நூறு மீற்றரில்தான், தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில்தான் அது நொண்டத் தொடங்குகின்றது. அந்தச் சில நூறு மீற்றரில் மழை பெய்கின்றது என்பது உண்மை. ஆனால் கம்பி எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும், அதை யார் எப்படிப் பொருத்த வேண்டும் என்பவற்றை மழை தீர்மானிப்பதில்லை.

தொலைபேசி நிலையம் என்றதும் நம்மில் பலருக்கு உள்ளே இருக்கும் பெரிய இயந்திரம்தான் நினைவுக்கு வரும். அழைப்புகளைத் திசைமாற்றிவிடும் சுவிட்ச் அது. அமைச்சர்கள் திறந்து வைப்பதும் பத்திரிகைகளில் படம் வருவதும் அதற்குத்தான். அந்த இயந்திரம் பழுதடைவது அபூர்வம். குளிரூட்டிய அறையில், தூசு படாமல், பற்றரிகளின் துணையோடு அது பத்திரமாக இருக்கின்றது. அதற்கு அடுத்த அறையில் இரும்புச் சட்டகம் ஒன்று நிற்கும். பிரதான விநியோகச் சட்டகம் என்று அதற்குப் பெயர். தெருவிலிருந்து வரும் கேபிள்கள் யாவும் அதன் ஒரு பக்கத்தில் வந்து முடியும்; சுவிட்சிலிருந்து வரும் கம்பிகள் மறு பக்கத்தில் முடியும். இரண்டுக்கும் இடையே ஜம்பர் எனப்படும் மெல்லிய கம்பிச் சோடி ஒன்று. யாருக்கு எந்த இலக்கம் என்பது அந்தச் சோடியை எங்கிருந்து எங்கே பொருத்துகின்றார்கள் என்பதில்தான் இருக்கின்றது. அங்கிருந்து நிலத்தடிக் கேபிளாகப் புறப்பட்டு, தெருவோரப் பெட்டியொன்றில் மீண்டும் வெட்டிப் பொருத்தப்பட்டு, இடையில் சில ஜொயின்ட்டுகளைக் கடந்து, கம்பத்தின் உச்சியில் உள்ள சிறு பெட்டியில் இன்னொரு முறை பொருத்தப்பட்டு, வீட்டுச் சுவரில் கடைசியாக ஒரு முறை பொருத்தப்பட்டு முடிகின்றது ஒரு செப்பு இணைப்பு. பழுது பெரும்பாலும் கம்பியின் நடுவில் வருவதில்லை. கம்பியைக் கம்பியோடு சேர்த்த இடத்திலேயே வருகின்றது.

இந்தச் சேர்க்கை வேலையில் ஒரு காலத்தில் ஈயப்பற்றும் திருகாணியும்தான் இருந்தன. கம்பியின் மேலுறையைச் சீவ வேண்டும், முறுக்க வேண்டும், பற்றவைக்க வேண்டும். பின்னர் ஜேர்மனியின் குரோன் நிறுவனத்தார் எல்.எஸ்.ஏ. என்றொரு முறையைக் கொண்டுவந்தனர். ஈயமின்றி, திருகாணியின்றி, உறை உரிக்காமல் என்னும் பொருள்படும் மூன்று ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கம்பியை அப்படியே ஒரு பிளவுக்குள் வைத்து, அதற்கென்றுள்ள கருவியால் ஓர் அழுத்து. பிளவின் விளிம்புகள் உறையைக் கிழித்துச் செம்பைக் கவ்விக்கொள்ளும். நீண்டிருக்கும் மீதிக் கம்பியைக் கருவியே நறுக்கிவிடும். செம்பும் உலோகமும் இறுக ஒட்டுவதால் இடையில் காற்றும் ஈரமும் புகுவதில்லை. அந்தக் கருவி எழுப்பும் "டக்" என்ற சத்தம்தான் வேலை சரியாக முடிந்ததற்கு அடையாளம் என்று ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கின்றார். கருவியில்லாமல் திருப்புளியால் குத்தி வைத்தால் அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மழைக்கு நிற்காது என்றும் அவர் சொன்னார். வெளியில் கிடக்கும் கேபிளுக்குள் பசை போன்ற கொழுப்பை நிரப்புவதும், ஜொயின்ட்டில் கொழுப்பு நிரம்பிய சிறு குப்பிகளைக் கம்பியோடு சேர்த்து நசுக்கி விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். தண்ணீருக்கு இடம் கொடுக்கக் கூடாது. கரகரப்பு என்று நாம் சொல்வது பல வேளைகளில் தண்ணீரின் குரலே.

இன்னொரு சிறு விடயம். நிலையத்தின் பற்றரி 48 வோல்ற். அதன் நேர் முனையை நிலத்தோடு இணைத்து, கம்பியை எதிர் மின்னழுத்தத்தில் வைத்திருப்பார்கள். ஈர மண்ணில் கிடக்கும் செம்பு மின்பகுப்பினால் கரைந்து போகாதிருக்கவே இந்த ஏற்பாடு. நூறாண்டுக்கு முன்பே மழையையும் மண்ணையும் பற்றி இவ்வளவு யோசித்திருக்கின்றார்கள். மழை பெய்தால் போன் போய்விடும் என்பதை விதியாக ஏற்றுக்கொண்டவர்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் மலைநாட்டுத் தபாலகமொன்றில் ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காத்திருந்து கொழும்புக்குச் செய்தி சொல்லியிருக்கின்றேன். பலகையின் முன்னால் அமர்ந்திருக்கும் ஒப்பரேட்டர் பித்தளை முனை கொண்ட கயிறொன்றை எடுத்து ஒரு துவாரத்தில் செருகுவார். மறு முனை இன்னொரு துவாரத்தில். அவ்வளவுதான் அக்காலத்துச் சுவிட்ச். கால் அங்குலப் பருமனுள்ள அந்த ஜாக் முனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொலைபேசிப் பலகைகளுக்காகவே உருவானது. இன்று தோட்டத்துக் கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் மைக்குக்கும் கிற்றாருக்கும் செருகுவது அதன் வழித்தோன்றலைத்தான். ஊரார் பேசுவதற்கென உண்டான முனை கடைசியில் அம்மன் பாட்டோடு லயத்துக்கு வந்தது. தொலைபேசி மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்பையும் காலியையும் இணைத்தது. அதற்கும் முன்னரே, 1840களில், ரொத்சைல்ட் குடும்பத்தின் உறவினர்களான வேர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் காடழித்துக் கோப்பி நட்டிருந்தனர். சீனத்திலிருந்து வந்த தேயிலைக் கன்றையும் நட்டுப் பார்த்தனர். ரொத்சைல்ட் தோட்டம் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது. லண்டன் சந்தையில் விலை தெரிய வேண்டிய தொழில் அது. ஆகவே கம்பியும் அதன் பின்னால் மலையேறி வந்தது. எங்கே வந்து நின்றது? பெரிய துரையின் பங்களாவிலும் ஸ்டோரிலும். இறப்புச் செய்தியோ பிரசவச் செய்தியோ கண்டியிலிருந்து வந்தால் கிளாக்கர் ஐயா கேட்டு எழுதிக்கொண்டு ஆளனுப்ப வேண்டும். ஆளனுப்ப அவருக்கு நேரம் இருக்க வேண்டும். பங்களாவிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்த லயத்துக்குக் கம்பி இழுப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருந்ததில்லை. லயத்தில் வாழ்பவர் பேச வேண்டியவர் என்று யாரும் கருதவில்லை, அவ்வளவே.

நாடு முழுவதிலும் அக்காலத்தில் தொலைபேசி அரிதாகவே இருந்தது என்று சிலர் வாதிடலாம். அது சரிதான், 1990இல் நூறு பேருக்கு ஒரு இணைப்பு என்ற அளவைக்கூட இலங்கை எட்டியிருக்கவில்லை. ஆனால் அதன் பின்னர் நிலைமை வேகமாக மாறிற்று. 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1996இல் அது கம்பனியாயிற்று. 1997இல் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் அதில் 35 சதவீதப் பங்கை வாங்கி முகாமைத்துவத்தையும் ஏற்றது. நகரங்களில் பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களுக்கு இணைப்புக் கிடைத்தது. கம்பளையில் கிடைத்தது, புசல்லாவைக் கடைவீதியில் கிடைத்தது. லயத்துக்கு விண்ணப்பித்தவர் முதற் கேள்வியிலேயே தடுக்கப்பட்டார். முகவரி என்ன? வீடு யாருடையது?

லயன் அறைக்குத் தனி இலக்கமில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். அறை தோட்டத்துக்குச் சொந்தம். அதற்கான துண்டுக் காகிதம்கூட குடியிருப்பவரிடம் இல்லை. கம்பம் நட வேண்டுமானால் நிலம் தோட்டத்துடையது, அனுமதி தோட்டத்தினுடையது. அரசாங்கமும் தன் பங்குக்குத் தோட்டத்தின் வாயிலில் நின்றுகொண்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆயிற்று. தார் போட்ட பாதை எங்கே நின்றதோ, தெருவிளக்கு எங்கே நின்றதோ, தொலைபேசிக் கம்பமும் ஏறத்தாழ அங்கேயே நின்றது.

2005க்குப் பின்னர் சி.டி.எம்.ஏ. என்ற கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசி வந்தது. அடையாள அட்டையும் கையில் கொஞ்சம் பணமும் இருந்தால் போதும். கம்பமும் வேண்டாம், துரையின் அனுமதியும் வேண்டாம். ஒரே ஆண்டில் லயங்களில் அந்தப் பெட்டிகள் அணிவகுத்தன. தொடர்ந்து கைப்பேசி வந்தது, சி.டி.எம்.ஏ. பெட்டி அலுமாரியின் மேலே போயிற்று. மலையகத்துக்கு நடந்த பெரிய நன்மைகளுள் இதையும் ஒன்றாகவே நான் கருதுகின்றேன். ஆனால் அதனால் விளைந்த ஒரு தீமையையும் சொல்ல வேண்டும். "இனி அவர்களுக்குக் கம்பி எதற்கு?" என்று கேட்கும் வசதி எல்லோருக்கும் கிடைத்துவிட்டது.

கம்பி எதற்கு என்பதை 2020ஆம் 2021ஆம் ஆண்டுகள் காட்டின. பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது மலைநாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குன்றிலும் மரத்திலும் ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. கோபுரம் எத்தனை உயரமாக இருந்தாலும் மலையின் மறுபக்கத்துப் பள்ளத்தை அதனால் பார்க்க முடியாது. கம்பி வளைந்து போகும். வானொலி அலை அவ்வளவாக வளையாது. புசல்லாவைப் பகுதித் தோட்டங்களில் பாதி அப்படிப்பட்ட பள்ளங்களில்தான் இருக்கின்றன.

அடுத்து வந்தது மின்வெட்டு. 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரையில் மின்சாரம் நின்றது. பழைய செப்புக் கம்பியின் பெருமை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அதில் இணைந்த சாதாரணத் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. நிலையத்தின் பற்றரியே கம்பி வழியாக அதற்கும் உணவூட்டும். கோபுரத்துப் பற்றரி சில மணித்தியாலங்களில் களைத்துவிடும். கையிலுள்ள கருவி அதற்கும் முன்னரே களைத்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அடித்தபோது இது பேச்சுக்கான விடயமாக இல்லை. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; கண்டி மாவட்டமே மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது. மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, மின்சாரம் போயிற்று, அதன் பின்னால் தொலைபேசியும் போயிற்று. வெளிநாட்டில் இருந்தவர்கள் நாட்கணக்கில் அம்மாவின் இலக்கத்தையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தனர். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளைக்கு வரவில்லை என்ற குறையும் பரவலாக எழுந்தது. மொழியின் குறையும் கம்பியின் குறையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதே முன்னுதாரணம். அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்னரே அறிவித்திருந்தனர். அறிவிப்பு லயத்துக்கு வந்து மக்களை நகர்த்தும் அளவுக்கு வலுவாக இருக்கவில்லை.

இப்போது மலைநாட்டில் புதிதாக இழுக்கப்படுவது செம்பு அல்ல, ஒளி இழை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் செப்புக் கேபிளை வெட்டி இரும்புக்கடையில் விற்றவர்களும் செம்பின் முடிவை விரைவுபடுத்தினர் எனலாம். கண்ணாடியை யாரும் திருடுவதில்லை. ஆனால் ஒளி இழை செம்பைக் காட்டிலும் கூச்ச சுபாவம் கொண்டது. ஒளி ஓடும் அதன் உட்பாதை ஏறத்தாழ 9 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. தலைமயிர் அதைவிடப் பன்மடங்கு தடிப்பானது. இரண்டு இழைகளை முகத்தோடு முகம் வைத்துச் சேர்க்கும் கனெக்டரில் ஒரு தூசி விழுந்தால் பாதை அடைபட்டுவிடும். பச்சை நிற முனை ஒன்றுண்டு, நீல நிற முனை ஒன்றுண்டு. பச்சையின் முகம் 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். நீலத்தினுடையது அப்படிச் சாய்ந்ததல்ல. அவசரத்தில் பச்சையை நீலத்தோடு செருகிவிட்டால் இடையில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். வெளியே பார்த்தால் அழகாகப் பொருந்தியே இருக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகின்றேன். நீண்டதூரத்துக்கான அலைநீளத்தில் நல்ல ஒளி இழை ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபல் ஒளியைத்தான் இழக்கும். சுமாராகப் பொருத்தப்பட்ட ஒரேயொரு கனெக்டர் அரை டெசிபலை விழுங்கிவிடும். ஒரு சின்னக் கவனக்குறைவு, இரண்டு கிலோமீற்றருக்கும் மேலான கேபிளுக்குச் சமன். இழையை உருக்கி ஒட்டும் இயந்திரம் கொண்டு பொறுமையாகச் செய்தால் இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழே நிற்கும். வேறுபாடு முழுவதும் செய்பவரின் கையிலும், அவருக்குக் கொடுக்கப்பட்ட நேரத்திலும் இருக்கின்றது. ஒரு நாளைக்கு இத்தனை இணைப்பு முடிக்க வேண்டும் என்று உப ஒப்பந்தக்காரர் விரட்டும் இளைஞன் மழையில் குடை பிடித்துக்கொண்டு முனையைத் துடைப்பானா? நான் அந்த இளைஞனைக் குறை சொல்லவில்லை.

இங்கே எனது கோரிக்கைக்கு வருகின்றேன். சூறாவளிக்குப் பிந்திய புனரமைப்பின் பேரில் மலைநாட்டில் இழுக்கப்படும் ஒவ்வொரு இழையும் ஸ்டோரிலோ அலுவலகத்திலோ முடியக் கூடாது. தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும், லயங்களுக்கு நடுவே, பிள்ளைக் காம்பராவிலோ வாசிகசாலையிலோ ஒரு முனை இருக்க வேண்டும். சூரிய மின்தகடும் நாளிரண்டு தாங்கும் பற்றரியும் அதற்கு வேண்டும். இடிக்கு நிலத்தொடுப்பு வேண்டும். அங்கிருந்து லயத்துக்கு லயம் கொண்டு போவது பெரிய செலவல்ல. முகவரி இல்லை என்ற பழைய பதிலை இனி யாரும் சொல்லக் கூடாது. கம்பத்துக்கு இலக்கம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு லயத்துக்கும் இலக்கம் கொடுக்கத் தெரியும்.

இதெல்லாம் எதற்கு, 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டதே என்று நண்பரொருவர் கேட்டார். வரட்டும், நல்லது. அதன் மாதக் கட்டணம் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பல நாட் கூலி. ஒரு டிவிசனுக்கு ஒன்று என்று வைத்தால் பயனுண்டு. ஆனால் அங்கும் தட்டிலிருந்து லயத்துக்கு ஒரு கம்பி வேண்டும், அதன் முனையை ஒருவர் பொருத்த வேண்டும்.

ஒரு இணைப்பைப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பகிரலாம் என்பது நமக்குப் புதிதல்ல. புசல்லாவைக்கு அயலிலேயே அது நடந்திருக்கின்றது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1998இல் யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத்தில் இணைந்தது. இன்று ஒரு கைப்பேசிக்கே போதாத 64 கிலோபிட் வேகந்தான் அந்தத் தொடுப்புக்கு. கேட்போர் தங்கள் கேள்விகளைத் தபாலில் எழுதி அனுப்புவார்கள். நிலையத்தார் இணையத்தில் தேடி விடையை வானலையில் சொல்வார்கள். கம்பளையிலும் கடுகண்ணாவையிலும் நூலகங்களில் கணினி வைத்து மக்களைத் தொட விட்டார்கள். பெரும்பாலும் சிங்களக் கிராமங்களை எண்ணிச் செய்யப்பட்ட திட்டம் அது. தோட்டங்களை அது போதிய அளவு எட்டவில்லை என்பது எனது அபிப்பிராயம். எனினும் கம்பியை யாருக்காக இழுக்கின்றோம் என்ற கேள்வியை அங்கே முதலில் கேட்டார்கள். அதனால்தான் உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைத் தேடி வந்தார்கள்.

பொருத்துவதற்கு ஆட்கள் இல்லை என்பார்கள். ரொத்சைல்டிலும் டெல்டாவிலும் சோகமையிலும் சாதாரண தரம், உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் வேலை தேடி பஸ் ஏறும் பிள்ளைகள் இருக்கின்றனர். இழை ஒட்டும் தொழிலைப் பழகச் சில மாதங்கள் போதும். அதற்குத் தேவை நிதானமான கை. கொழுந்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிரித்தெடுத்த தாயின் பிள்ளைக்கு அது வராதா? கண்டியிலிருந்து வாகனம் வரும்வரை பாதை திறக்கக் காத்திருக்காமல், அடுத்த மழைக்கு அறுந்ததை அன்றைக்கே ஒட்ட, அந்த டிவிசனிலேயே ஒருவர் இருப்பார். புனரமைப்புக்கான கேள்விப்பத்திரங்கள் தயாராகும் காலம் இது. கேபிள் எத்தனை கிலோமீற்றர் என்று எழுதும் பத்தியின் கீழே, அது எந்தக் கதவில் முடிகின்றது, அதை யார் பராமரிப்பார் என்று இரண்டு வரிகளைச் சேர்க்கும்படி மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.